இரத்தத்தைக் கழுவும் நூலிழைகள்: வாசகர் கேள்வி பதில்

செயற்கைச் சிறுநீரகம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். எதிர்பார்த்ததைவிட நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பதில் எழுதும் நான் டாக்டர் அல்ல, டயாலிசிஸ் டெக்னீஷியன். நெல்லைப் பக்கத்தில் 22 வருடமாக இதே வேலை. விடியற்காலை ஆர்.ஓ. அறைக்குப் போய்த் தண்ணீரைச் சோதிப்பதில் என் நாள் தொடங்கும். அதனால் சவ்வு, குழாய், தண்ணீர், ஊசி ஆகியவற்றைப் பற்றிக் கைப்பழக்கத்தில் தெரிந்ததை எழுதுகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த மெஷினைத்தான் செயற்கைக் கிட்னி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கிறதே, அது எதற்கு?
– கோவில்பட்டி வாசகி

அக்கா, அந்தக் குழாய்தான் செயற்கைச் சிறுநீரகம். நாங்கள் அதை டயாலைசர் என்போம். பெரிய மெஷின் அதற்கு எடுபிடி வேலை செய்கிறது. இரத்தத்தைத் தள்ளிவிடுவது, இரத்தத்தின் அழுக்கை வாங்கிக்கொள்ளும் திரவத்தைச் சரியான சூட்டில் கலந்து தருவது, காற்றுக்குமிழி வந்தால் கத்துவது இதெல்லாம் மெஷினின் பொறுப்பு. இரத்தம் சுத்தமாவது அந்த ஒரு சாண் குழாய்க்குள்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு, காலாவதியான ஒரு டயாலைசரை முதல் நாளே அறுத்துக் காட்டிவிடுவேன். மேல் ஓடு பிளந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு கற்றை சரிந்து விழும். தொட்டால் பட்டு நூல் மாதிரி வழுக்கும். ஒரே ஒரு இழையை உருவிக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் அதன் வெட்டு முனையைப் பார்க்கச் சொல்வேன். நடுவில் துளை தெரியும். நூல் என்று நினைத்தது குழாய் என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும். அந்தத் துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. சுவரின் கனமோ தலைமுடியைவிடக் குறைவு. அந்தச் சுவர்தான் சவ்வு.

இப்படி ஏறக்குறைய பத்தாயிரம் இழைகள் ஒரு டயாலைசருக்குள் இருக்கும். எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு நீட்டினால் இரண்டரை கிலோமீட்டர் வரும். பிளந்து விரித்தால் ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது ஓர் ஆள் படுக்கும் பாய் அளவு. ஆனால் எந்த நேரத்திலும் அந்த இழைகளுக்குள் இருக்கும் இரத்தம் 80 மில்லிதான், அரை டம்ளர்கூட வராது. கொஞ்சம் இரத்தத்தை நிறையச் சவ்வில் உரச வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை இவ்வளவு மெல்லிய இழையாக்கினார்கள்.

உங்கள் கணவரின் இரத்தம் இழைகளுக்குள் மேலிருந்து கீழே போகிறது. வெளியே திரவம் கீழிருந்து மேலே வருகிறது. இரண்டையும் எதிரெதிராக விடுவதற்குக் காரணம் உண்டு. பாதி சுத்தமாகி வெளியேறப்போகும் இரத்தத்துக்குக்கூடக் கடைசி நிமிடத்தில் புத்தம்புதுத் திரவம் எதிரே கிடைக்க வேண்டும். நிமிடத்துக்கு 300 மில்லி என்று வைத்தால், நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர் இரத்தம் அந்தக் குழாயைக் கடக்கிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான். அப்படியென்றால் அதே இரத்தம் பதினான்கு தடவை சுற்றி வருகிறது. அதற்காக 120 லிட்டர் திரவம் செலவாகிறது.

சவ்வில் ஓட்டை இருந்தால் இரத்தமும் ஒழுகிவிடாதா? நல்லதை நிறுத்திவிட்டு அழுக்கை மட்டும் அது எப்படி வெளியே விடுகிறது? அவ்வளவு சின்ன ஓட்டையை எப்படிப் போடுகிறார்கள்?
– தஞ்சாவூர், பிளஸ் டூ மாணவி

அருமையான கேள்வி கண்ணு. சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. அதற்குத் தெரிந்தது அளவு மட்டும். இரத்தத்தில் சேரும் அழுக்கில் யூரியாவின் மூலக்கூறு எடை 60, கிரியாட்டினின் 113. இரண்டும் சுலபமாக நுழைந்துவிடும். இரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமின் 66,000க்கு மேல். அது நுழையாது. சிவப்பணுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஓட்டையின் அகலம் சில நானோமீட்டர், சிவப்பணு ஏழாயிரம் நானோமீட்டருக்கு மேல். எலி வளைக்குள் யானை போகுமா?

அப்படியென்றால் சோடியம் சின்னதுதானே, அதுவும் போய்விடுமே என்று நீ கேட்பாய். போகத்தான் பார்க்கும். அதைத் தடுப்பது சவ்வு அல்ல, வெளியே ஓடும் திரவம். இரத்தத்தில் எவ்வளவு சோடியம் இருக்க வேண்டுமோ கிட்டத்தட்ட அதே அளவை அந்தத் திரவத்திலும் கலந்துவிடுகிறோம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மொத்தத்தில் எதுவும் குறையாது. யூரியா மாதிரி அழுக்கை வெளிப்பக்கம் வைப்பதில்லை. அதனால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுக்க வேறு வழி. சவ்வின் இரண்டு பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் கொடுத்துத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறோம்.

வீட்டில் செய்து பார். ஒரு பச்சை முட்டையை வினிகரில் ஒன்றிரண்டு நாள் போட்டு வை. ஓடு கரைந்து, சவ்வு மட்டும் போர்த்திய முட்டை மிஞ்சும். கெட்டியான சர்க்கரைப் பாகில் அதைப் போட்டால் சுருங்கும், வெறும் தண்ணீரில் போட்டால் ஊதும். தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போய் வருகிறது. உள்ளே இருக்கும் வெள்ளைக்கரு வெளியே வருவதில்லை.

ஓட்டையை யாரும் ஊசியால் குத்துவதில்லை. இடியாப்ப நாழியை நினைத்துக்கொள். பாலிசல்போன் என்ற பிளாஸ்டிக்கை ஒரு கரைப்பானில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, வளைய வடிவத் துளை வழியாகப் பிழிவார்கள். வளையத்தின் நடுவே வேறொரு திரவம் ஓடும். இழைக்குள் துளை விழுவது அதனால்தான். பிழிந்த இழை நேராகத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கும். கரைப்பான் தண்ணீருக்குள் ஓடிவிட, பிளாஸ்டிக் அப்படியே உறையும். கரைப்பான் இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். தண்ணீரின் சூடு, கலவையின் அடர்த்தி, பிழியும் வேகம் இவற்றில் எதை மாற்றினாலும் துளையின் அளவு மாறும். பாலிசல்போன் தண்ணீரோடு ஒட்டாத பொருள் என்பதால், தண்ணீரை விரும்பும் இன்னொரு பொருளையும் கலப்பார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் ஜெயேஷ் பெல்லாரே குழுவினர் வைட்டமின் ஈ சார்ந்த ஒரு பொருளைக் கலந்து, இரத்தத்தோடு இணக்கமாக இருக்கும் இழைகளை உருவாக்கினார்கள். பிளஸ் டூவில் வேதியியல் பிடித்திருந்தால் இந்தத் துறையை மனதில் வைத்துக்கொள். இது டாக்டர்கள் மட்டும் செய்யும் வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய காலச் சவ்வுகளின் துளை மிகச் சிறியது. யூரியா போகும், ஆனால் 11,800 எடையுள்ள பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் உள்ளேயே தங்கிவிடும். அது வருடக்கணக்கில் மூட்டிலும் மணிக்கட்டிலும் படியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்து வருடம் டயாலிசிஸ் செய்த ஓர் அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் என்னிடம் கையை நீட்டுவார். விரலெல்லாம் மரத்துப் போயிருக்கும். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கியது அந்த மாதிரி விரல்களுக்காகத்தான். அப்புறம், பெரிய துளைச் சவ்வோடு நிறையத் திரவத்தையும் அழுத்தித் தள்ளிச் சுத்தம் செய்யும் முறையை ஐரோப்பாவில் 1,360 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. வழக்கமான டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் 21.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், புதிய முறையில் 17.3 சதவீதம். நூறு பேரில் நாலைந்து உயிர் என்பது எங்கள் வார்டில் சின்ன எண்ணிக்கை இல்லை.

முதல் செயற்கைச் சிறுநீரகம் இறைச்சிக் கடை உறையில் செய்யப்பட்டது என்று யாரோ சொன்னார்கள். நம்பவே முடியவில்லை. உண்மையா?
– கும்பகோணம் வாசகர், ஓய்வுபெற்ற எழுத்தர்

உண்மைதான் ஐயா. இந்தக் கதையை நான் யாரிடமும் சுருக்கமாகச் சொன்னதே இல்லை, உங்களுக்கும் விரிவாகவே சொல்கிறேன்.

சவ்வால் பிரிக்கலாம் என்று கண்டவர் தாமஸ் கிரஹாம், கிளாஸ்கோவில் பிறந்த வேதியியலாளர். 1861இல், பக்குவப்படுத்திய ஒருவகைக் காகிதத்தைச் சவ்வாக வைத்துச் சிறுநீரிலிருந்து யூரியாவைப் பிரித்துக் காட்டினார். டயாலிசிஸ் என்ற பெயரும் அவர் வைத்ததே. 1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏபெல், ரவுண்ட்ரீ, டர்னர் என்ற மூவர் நாயின் இரத்தத்தைக் கொலோடியன் என்ற சவ்வுப் பொருளால் ஆன குழாய்களில் ஓடவிட்டார்கள். இரத்தம் உறையாமலிருக்க அவர்களுக்குக் கிடைத்த மருந்து எது தெரியுமா? அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த சாறு. வயலில் காலைக் கவ்விய அட்டையைப் பிடுங்கி எறிந்த பின்னும் இரத்தம் நிற்காமல் வருமே, அதே சரக்கு. 1924இல் ஜெர்மனியின் கீசனில் கியோர்க் ஹாஸ் முதன்முதலில் மனிதருக்குச் செய்தார், அதுவும் 15 நிமிடம்.

இனி கோல்ஃப். வில்லெம் கோல்ஃப், நெதர்லாந்துக்காரர். 1938இல் குரோனிங்கனில் இளம் டாக்டராக இருந்தபோது, சிறுநீரகம் பழுதாகி 22 வயதுப் பையன் ஒருவன் அவருடைய வார்டில் மெல்ல மெல்ல இறந்தான். உங்கள் மகன் பிழைக்க மாட்டான் என்று அவன் தாயிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். தினமும் 20 கிராம் யூரியாவை வெளியே எடுத்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானே என்று கணக்குப் போட்டார்.

எதை வைத்து எடுப்பது? சாசேஜுக்கு இறைச்சியைத் திணிக்கும் செலோபேன் உறை கடையில் கிடைத்தது. செல்லுலோஸால் ஆனது, மெல்லியது, தைத்த விளிம்பில்லாத குழாய். அதில் ஒரு துண்டை எடுத்துக் கொஞ்சம் இரத்தத்தை ஊற்றி, அதோடு யூரியாவையும் கலந்து, இரண்டு முனையையும் கட்டி, உப்புத்தண்ணீரில் போட்டு ஆட்டினார். யூரியா வெளியே வந்துவிட்டது. அதற்குள் போர் வந்து, நாஜிகள் நாட்டைப் பிடித்துவிட்டார்கள். கோல்ஃப் கம்பென் என்ற சிற்றூர் மருத்துவமனைக்கு மாறிப்போனார். அந்த ஊரில் ஓர் எனாமல் தொழிற்சாலை இருந்தது. அதன் நிர்வாகி கைகொடுக்க, மரச்சட்டங்களை அடுக்கி ஓர் உருளை செய்து, அதில் இருபது மீட்டர் உறையைச் சுற்றி, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பாதி அமிழ்த்திச் சுழலவிட்டார்கள். சுழலும் உருளைக்குள் இரத்தம் சிந்தாமல் போய் வர இணைப்பு வேண்டுமே, அதற்கு ஃபோர்டு கார் தண்ணீர் பம்பின் அமைப்பைப் பின்பற்றினார். ஹெப்பாரின் மருந்தும் அதற்குள் கைக்கு வந்திருந்தது. அது இல்லாவிட்டால் இருபது மீட்டர் உறைக்குள் இரத்தம் ஓடியிருக்காது, கட்டியாகியிருக்கும்.

1943 மார்ச்சில் முதல் நோயாளி. 29 வயதுப் பெண். பன்னிரண்டு தடவை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945 செப்டம்பரில், பதினேழாவதாக வந்த 67 வயதுப் பெண்மணி சோஃபியா ஷாஃப்ஸ்டாட் மயக்க நிலையில் இருந்தார். பதினோரு மணி நேரத்துக்கு மேல் உருளை சுழன்றது. அவர் கண் திறந்தார், சிறுநீரகம் தானாகத் தேறியது, மேலும் ஏழு வருடம் வாழ்ந்தார். போர்க்காலத்தில் நாஜிகளோடு சேர்ந்தவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர் அவர். ஊரில் பலருக்கு அவர்மேல் கோபம் உண்டு. கோல்ஃப் அதையெல்லாம் பார்க்கவில்லை. வார்டுக்கு வந்தவர் நோயாளி, அவ்வளவுதான். போர் முடிந்ததும் தான் செய்த மெஷின்களைப் பல நாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பினார்.

அந்த இரண்டரை வருடத்தை நான் அடிக்கடி நினைப்பேன். அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகும், மறுநாள் காலையில் அந்த உறையைத் திரும்ப உருளையில் சுற்றுவதற்குக் கை எப்படி வந்திருக்கும்!

என் அப்பாவின் டயாலைசரைக் கழுவி அடுத்த தடவையும் அதையே போடுகிறார்கள். காசை மிச்சம் பிடிக்க ஏமாற்றுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
– நாகர்கோவில் வாசகர்

ஏமாற்று வேலை இல்லை. நம் நாட்டில் பரவலாக இருக்கும் வழக்கம்தான், சரியாகச் செய்தால் பாதுகாப்பானதும்கூட. ஆனால் சரியாகச் செய்ய வேண்டும்.

டயாலிசிஸ் முடிந்ததும் ஆர்.ஓ. தண்ணீரை விட்டு இழைகளில் ஒட்டிய இரத்தத்தை அலசுவோம். பிறகு இழைகளுக்குள் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று அளப்போம். உதாரணத்துக்கு, புதிதில் 100 மில்லி இருந்த ஒரு டயாலைசர் 80க்குக் கீழே போய்விட்டால், ஐந்தில் ஒரு பங்கு இழை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். தேறினால் கிருமியைக் கொல்லும் பெரசெட்டிக் அமிலத்தை நிரப்பி மூடி வைப்போம். வினிகர் மாதிரி நெடி மூக்கில் ஏறும். அடுத்த தடவை மாட்டும் முன் அதை முழுக்க அலசி, மருந்து மிச்சமில்லை என்று சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்த பிறகுதான் இரத்தத்தை விட வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் டயாலைசரை மறுபடி பயன்படுத்தவே கூடாது. ஒருவருடையதை இன்னொருவருக்கு எக்காரணம் கொண்டும் போடக்கூடாது.

இந்தக் கடைசி விஷயம் என் நெஞ்சில் தைத்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், முன்பிருந்த ஒரு மருத்துவமனையில், ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே ஷிஃப்டில் வந்தார்கள். நான் ஒரு டயாலைசரை எடுத்து வந்து மாட்டப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்திருந்த அவர் மனைவி குழாயை உற்றுப் பார்த்துவிட்டு, “பாப்பா, எங்க வீட்டுக்காரருக்கு இனிஷியல் வேற” என்றார். என் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து பெயரோடு இனிஷியல், நோயாளி எண், எத்தனையாவது தடவை என்பது எல்லாவற்றையும் சத்தமாகப் படித்து, நோயாளியோ உடன் வந்தவரோ ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் மாட்டுகிறேன். நீங்களும் அப்பாவின் குழாயில் ஒட்டிய சீட்டை ஒவ்வொரு தடவையும் படியுங்கள். கொள்ளளவு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடம் என்றால்தான் பயப்பட வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிறுநீரக நோய் அதிகம் என்று ஆர்.ஓ. தண்ணீர் நிலையம் அமைத்திருக்கிறார்கள். அந்தச் சவ்வும் டயாலிசிஸ் சவ்வும் ஒன்றா?
– வவுனியா வாசகி, இலங்கை

ஒன்று இல்லை, ஆனால் நெருங்கிய உறவு. ஆர்.ஓ. சவ்வு கரைந்திருக்கும் உப்பைக்கூட விடாது, ஏறக்குறையத் தண்ணீரை மட்டும் விடும். டயாலிசிஸ் சவ்வு உப்பையும் யூரியாவையும் விட்டுவிடும், பெரிய புரதத்தைத்தான் நிறுத்தும். உறவு என்று ஏன் சொன்னேன் என்றால், 1960களில் அமெரிக்காவில் டௌ கெமிக்கல் நிறுவனம் உப்புத்தண்ணீரை நல்ல தண்ணீராக்க இப்படி உள்ளே துளையுள்ள இழைகளைச் செய்துகொண்டிருந்தது. அந்த இழையையே எடுத்து மிச்சிகனில் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் இரத்தத்துக்குப் பயன்படுத்தினார். இன்று உலகமெங்கும் மாட்டும் டயாலைசர் அந்த வழியில் வந்தது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளைப் பிடித்த அந்தச் சிறுநீரக நோய்க்கு ஒற்றைக் காரணம் இன்னும் உறுதியாகவில்லை. நல்ல தண்ணீர் குடிப்பது எப்படியும் நல்லதே. கடற்படையும் அங்கே ஆர்.ஓ. நிலையங்கள் அமைத்துக் கொடுத்திருக்கிறது. டயாலிசிஸ் அறைக்கு ஆர்.ஓ. தண்ணீர் இன்னும் முக்கியம். நீங்கள் குடிக்கும் தண்ணீர் குடலைத் தாண்டித்தான் இரத்தத்துக்குப் போகும். டயாலிசிஸில் 120 லிட்டர் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே அந்த முடி அளவுச் சுவர்தான். குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகப் போடும் குளோரின் கொஞ்சம் தங்கிவிட்டாலும் சிவப்பணு உடைந்துபோகும். அதனால்தான் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், குளோரின் சோதனை முடியாமல் நான் மெஷினைத் தொட மாட்டேன்.

இளநீர் நல்லதுதானே, டயாலிசிஸ் செய்யும் என் மாமியாருக்கு ஏன் கூடாது என்கிறார்கள்?
– மதுரை வாசகி

பொட்டாசியம். இளநீரில் அது நிறைய உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது இரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கும், நிறுத்தியும் விடும். ஆசையாகக் கேட்டால் மனம் இளகத்தான் செய்யும். கொடுக்காதீர்கள்.

டயாலிசிஸ் நிலையம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். வீட்டிலேயே வயிற்றில் தண்ணீர் விட்டுச் செய்யலாம் என்கிறார்கள். அங்கே சவ்வு எங்கே இருக்கிறது?
– தர்மபுரி வாசகர்

வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. குடலைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வு இயற்கையானது. அதில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நிறைய ஓடுகின்றன. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாகத் திரவத்தை விட்டுச் சில மணி நேரம் வைத்தால் யூரியா அதில் இறங்கிவிடும். பிறகு வடித்துவிட்டுப் புதியதை விட வேண்டும். திரவத்தில் சேர்த்த சர்க்கரை, தேங்கிய தண்ணீரையும் இழுத்துவிடும். கை சுத்தம் மிக மிக முக்கியம், இல்லாவிட்டால் வயிற்றுக்குள் தொற்று வரும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இரண்டு பஸ் மாறி வந்து, நான்கு மணி நேரம் படுத்து, தலை சுற்றலோடு மறுபடி இரண்டு பஸ் ஏறுபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் டாக்டர் இதற்கு ஒத்துக்கொண்டால் தயங்காமல் யோசியுங்கள்.

எனக்கு வயது 31. நான்கு வருடமாக டயாலிசிஸ். உடம்புக்குள்ளேயே வைக்கும் செயற்கைச் சிறுநீரகம் வரப்போகிறது என்று படித்தேன். அதற்காகக் காத்திருக்கலாமா?
– சென்னை வாசகர்

தம்பி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அதை நம்பி மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மருத்துவமனை மூலமாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். அதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நம் சிறுநீரகம் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டுகிறது. ஆனால் நாம் கழிக்கும் சிறுநீர் ஒன்றிரண்டு லிட்டர்தான். மீதி அத்தனையையும் அதிலுள்ள செல்கள் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன. வாரத்துக்கு 168 மணி நேரம், நிற்காமல். நாங்கள் கொடுப்பது வாரத்துக்கு 12 மணி நேரம். டயாலிசிஸ் இல்லாத அந்த இரண்டு நாளில் உங்களுக்குக் கால் வீங்குவதும் மூச்சு முட்டுவதும் உங்கள் தப்பு இல்லை. கணக்கே அப்படி.

அதனால் இரண்டு வழியில் முயல்கிறார்கள். ஒன்று, உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடுவது. விக்டர் குரா உருவாக்கிய இடுப்புப் பட்டைக் கருவியை சியாட்டிலில் ஏழு பேருக்குக் கட்டிப் பார்த்தார்கள், 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 120 லிட்டர் திரவத்தை இடுப்பில் சுமக்க முடியாதே, அதனால் கொஞ்சம் திரவத்தையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பயன்படுத்தினார்கள். யூரியாவை ஒரு நொதி உடைத்துவிடும். உடைத்தால் அம்மோனியாவும் கரியமில வாயுவும் வரும். அந்த வாயுக்குமிழி குழாய்க்குள் சேர்ந்துவிட்டது, ஓட்டமும் ஏறி இறங்கியது, ஏழாவது ஆளோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் இரத்தம் சுத்தமானது, பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. அந்த ஒரு நாள் உணவுக் கட்டுப்பாடும் இல்லாமல் இருந்தார்கள். இதைப் படித்தபோது, உங்களைப் போல எத்தனை பேர் ஒரு முழு வாழைப்பழத்துக்கு ஏங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இன்னொன்று நீங்கள் படித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ஷுவோ ராயும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிஸலும் சேர்ந்து நடத்தும் முயற்சி. பிளாஸ்டிக் இழையில் துளைகள் சின்னதும் பெரிதுமாகத்தான் விழும். அவர்கள் கம்ப்யூட்டர் சிப் செய்யும் முறையில் சிலிக்கானில் ஒரே அளவான நீண்ட கீறல்களைப் போடுகிறார்கள். அதனால் பம்ப் இல்லாமல், இதயம் தரும் அழுத்தத்திலேயே வடியும். வடிந்த தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச, சிறுநீரகச் செல்களை வளர்த்த இன்னொரு அறை. செல்களை இழைக்குள் வளர்ப்பதை மிச்சிகனில் டேவிட் ஹியூம்ஸ் முன்பே செய்திருக்கிறார். 2021இல் இவர்களுக்கு 6,50,000 டாலர் பரிசு கிடைத்தது. 2023இல், செல்கள் உள்ள அறையைப் பன்றியின் உடம்பில் வைத்து ஏழு நாள் பார்த்தார்கள், செல்கள் பிழைத்திருந்தன.

ஏழு நாள், அதுவும் பன்றிக்கு. எங்கள் டயாலைசர் நான்கு மணி நேரம் ஓடினாலே, சில நாள் ஹெப்பாரின் கொடுத்தும், இழைகளில் சிவப்புக் கோடாக இரத்தம் உறைந்து நிற்கும். கையில் எடுத்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும், அது அந்த நோயாளி இழந்த இரத்தம். உடம்புக்குள் வைக்கும் சவ்வு வருடக்கணக்கில் அப்படி அடைபடாமல் இருக்க வேண்டும். கடினம் அங்கேதான் இருக்கிறது. முடியாது என்று நான் சொல்லவில்லை. கோல்ஃபின் நாடான நெதர்லாந்தில் டுவென்டே பல்கலைக்கழகத்தில் இழையின் சுவருக்குள்ளேயே கரித்தூளைப் புதைத்து, புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சாதாரண டயாலிசிஸில் போகாத நஞ்சையும் பிடிக்கிறார்கள். பல இடங்களில் பல பேர் முனைந்து வேலை செய்கிறார்கள். அது வரும் நாளில் நீங்கள் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். அதற்கு இப்போது கிடைப்பதை விடாதீர்கள்.

எங்க பாட்டி கையில காது வச்சா உர்ருன்னு சத்தம் வருது. உள்ள என்ன இருக்கு?
– அரக்கோணம், நான்காம் வகுப்பு மாணவன்

செல்லம், உன் பாட்டியின் கையில் ஒரு டாக்டர் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். தமனியில் இரத்தம் வேகமாக ஓடும், சிரையில் மெதுவாக ஓடும். இரண்டையும் சேர்த்ததால் சிரைக்குள் இரத்தம் அருவி மாதிரி பாய்கிறது. நீ கேட்டது அந்தச் சத்தம். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. 1966இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்கள் இந்த வழியை உலகத்துக்குச் சொன்னார்கள். அப்படிப் பெருத்த சிரையில்தான் ஊசி போட்டு, நிமிடத்துக்கு 300 மில்லி இரத்தத்தை எங்களால் எடுக்க முடிகிறது.

அந்தக் கையில் யாரும் பி.பி. பார்க்கக்கூடாது, வாட்ச் இறுக்கிக் கட்டக்கூடாது, பாட்டி அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. பார்த்தால் மெதுவாக எழுப்பி மாற்றி வைக்கச் சொல். தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் காதை வைத்துக் கேள். என்றைக்காவது அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால், பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் பரவாயில்லை, உடனே அம்மாவிடம் சொல்.